ஊரக அவசர மருத்துவப் பயிற்சி: திருச்சி வட்டாரம்

அவசர சிகிச்சையை முதன்முதலில் தனி முதுநிலைப் பயிற்சியாக நடத்தியது அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகம், 1970இல். இந்திய மருத்துவக் கவுன்சில் அதைத் தனித் துறையாக ஏற்றது 2009இல்தான்.

திருச்சி வட்டாரத்தில் மருத்துவ மாணவர்கள் இதைப் பழகும் இடங்களுள் முதன்மையானது, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. ‘ஜி.எச்.’ என்றால் ஊருக்கே தெரியும். மணப்பாறை, துறையூர், முசிறி எங்கிருந்தாலும் மேல்சிகிச்சைக்கு இங்கேதான் அனுப்புகிறார்கள்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். 2004 ஜனவரி 23 அன்று அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008 செப்டம்பரில். கூட்டமாகக் காயம்பட்டு வருவோரில் யாரை முதலில் கவனிப்பது என்று சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் முறை பின்னாளில் அரசு மருத்துவமனைகளில் பரவியது. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடும் ஊருக்கு இந்தப் பழக்கம் அத்தியாவசியம்.

கிராமத்து அவசரம் வேறு மாதிரி. கட்டுவிரியன், தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத் தூக்கத்தில் கடிக்கும். பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருபவரின் கண் இமை தொங்குகிறதா என்று பார்க்கத் தோன்ற வேண்டும். அந்த ஒரு பார்வையில் உயிர் பிழைக்கும். கண்ணாடி விரியன் கடிக்குப் பரிசோதனை எளிது: 2 மி.லி. ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு ரத்தத்தில் வேலை செய்கிறது, நச்சு முறிவு மருந்து உடனே ஏற வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் கொடுக்கும்போது கண்மணியை மட்டும் நம்பக் கூடாது; நெஞ்சுச் சளி வற்றும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

மருத்துவக் கல்லூரிகளுக்கு அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்று 2020இல் வந்த விதியை, தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் கைவிட்டது. இது பின்னடைவு.

முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி மட்டும் நிற்கிறது. அவசர மருத்துவம் படிப்பவர்களுக்கு அந்த மூன்று மாதத்தில் ஒரு பகுதியையாவது துறையூர், முசிறி போன்ற வட்ட மருத்துவமனைகளின் இரவுப் பணிக்கு ஒதுக்க வேண்டும். ஸ்கேனும் வென்டிலேட்டரும் கைக்கெட்டாத இடத்தில், நோயாளியை வண்டியேற்றும் முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அங்கேதான் கற்க முடியும்.