சொத்தைப் பல்லை நோகாமல் சுத்தம் செய்த வரலாறு

பல்லின் மேலோடு எனாமல். அதற்கு உணர்ச்சி கிடையாது. அதற்கடியில் இருக்கும் டென்டினில் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் பல்கூழை நோக்கி ஓடுகின்றன. பல்கூழில்தான் நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ளன. சூடோ குளிரோ அதிர்வோ பட்டு நுண்குழல்களில் உள்ள திரவம் அசைந்தால் நரம்பு விழித்துக்கொள்ளும். வலி சுரீரென்று ஏறும். சுழலும் துளைக்கருவி சூடு, அதிர்வு இரண்டையும் ஒன்றாகத் தருகிறது. சொத்தை எடுக்கப் போவது என்றாலே பலருக்கு நடுக்கம் வருவதற்கு இதுவே காரணம்.

பல்லைத் துளைப்பது மிகப் பழைய வேலை. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கர் இடுகாட்டில், ஏறக்குறைய 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்பது பேரின் 11 கடைவாய்ப் பற்களில் கூரிய கல்முனையால் போட்ட துளைகள் இருப்பது 2006இல் அறிவிக்கப்பட்டது. துளைகளின் விளிம்பு தேய்ந்திருப்பதால், அவர்கள் உயிரோடு இருந்தபோதே துளை போடப்பட்டது, அதன் பிறகும் அந்தப் பற்களால் மென்றிருக்கிறார்கள் என்று தெரிகிறது. பிற்காலத்தில் கருவியின் வேகம்தான் கூடியது. 1871இல் அமெரிக்கரான ஜேம்ஸ் மோரிசன் தையல் இயந்திரம்போலக் காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1875இல் ஜார்ஜ் கிரீன் மின்சாரத்தில் ஓடும் கருவியைக் கொண்டுவந்தார்.

எவ்வளவு குடைவது என்பதில் 19ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. பல்கூழைத் திறந்துவிட்டுப் பல்லையே இழப்பதைவிட, அதன்மேல் நிறம் மாறிய டென்டின் கொஞ்சம் இருக்கட்டும் என்றார் லண்டன் மருத்துவர் ஜான் டோம்ஸ். 1859இல் வெளிவந்த தன் நூலில் இதை எழுதினார். சிகாகோவின் ஜி.வி. பிளாக் இதற்கு நேர் எதிர். மெத்தென்ற டென்டினை உள்ளே விட்டுவைப்பதைவிடப் பல்கூழ் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை என்பது 1908இல் அவர் எடுத்த நிலை. வென்றது பிளாக்கின் கட்சி. அதற்குக் காரணம் பிடிவாதம் அன்று, அன்றிருந்த அடைப்புப் பொருள்தான். வெள்ளியும் பாதரசமும் சேர்ந்த அமல்கம் பல்லோடு ஒட்டாது. அது கழன்று விழாமலிருக்க, வாய் குறுகி அடி அகன்ற குழி வெட்ட வேண்டும். சொத்தை அதே பல்லில் மறுபடி வராமலிருக்க, பக்கத்தில் உள்ள நல்ல பள்ளங்களையும் சேர்த்து வெட்டச் சொன்னார் பிளாக். ஒரு மிளகளவு சொத்தைக்காகப் பல்லின் பாதி போன கதைகள் இந்த முறையில் பிறந்தவையே. ஆனாலும் பாடநூல்களில் ஒழுங்கையும் அளவையும் நிலைநாட்டியவர் அவர். பல ஆண்டுகள் தாங்கிய அடைப்புகள் அவரால்தான் சாத்தியமாயின.

வலியைத் தீர்ப்பது தனி வேலையாக நடந்தது. 1905இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஐன்ஹார்னின் புரோக்கெய்ன் என்ற மரப்பு மருந்து மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. 1943இல் ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்கிரென் லிடோக்கெய்னை உருவாக்கினார். மரத்துப்போகச் செய்யும் ஊசி வலியை நிறுத்தியது. ஆனால் குழந்தைகளுக்கு ஊசியே பயமாகிவிட்டது.

துளைக்கருவிக்கே மாற்று தேடிய முதல் பெருமுயற்சி, டெக்சஸ் மாநிலத்தின் கார்பஸ் கிறிஸ்டியில் பல் மருத்துவராக இருந்த ராபர்ட் பிளாக்குடையது. அலுமினியம் ஆக்சைடு துகள்களை அழுத்தமான வாயுவில் கலந்து பல்லின் மேல் வீசும் முறையை அவர் 1945இல் விவரித்தார். 1951இல் அதற்கான இயந்திரம் ஏர்டென்ட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. சூடு இல்லை, அதிர்வு இல்லை, உராயும் சத்தமும் இல்லை. இருந்தும் அது நிலைக்கவில்லை. அமல்கத்துக்குத் தேவையான கூர்விளிம்புக் குழியைத் தூள்வீச்சால் வெட்ட முடியவில்லை. கருவி பல்லைத் தொடாததால் எவ்வளவு ஆழம் போனோம் என்பது மருத்துவரின் கைக்குத் தெரியவில்லை. வாயெல்லாம் புழுதி, அதை உறிஞ்சி எடுக்கத் தகுந்த வசதியும் அன்றில்லை. இதற்கிடையே 1957இல் ஜான் போர்டன் என்ற அமெரிக்கர் காற்றுச்சுழலியால் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று சுழலும் ஏரோட்டரை வெளியிட்டார். வேலை சட்டென்று முடிந்தது, அதிர்வு குறைந்தது, தண்ணீர் பீச்சிச் சூட்டைத் தணிக்க முடிந்தது. கூடவே வந்தது அந்தக் கீச்சிடும் ஒலி. இன்றும் காத்திருப்பு அறையில் இருப்பவரின் வயிற்றைக் கலக்குவது அதுதான்.

உண்மையான திருப்பம் கருவியில் வரவில்லை, அடைப்புப் பொருளில் வந்தது. 1955இல் ரோசெஸ்டரில் மைக்கேல் புவனகோர், பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் எனாமலில் பூசிக் கழுவினால் பிசின் அதில் உறுதியாக ஒட்டுகிறது என்று காட்டினார். 1962இல் ரஃபேல் போவன் இன்றைய காம்போசிட் அடைப்புக்கு அடிப்படையான பிசினைக் கண்டார். லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தின் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1972இல் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை அறிவித்தனர். அது பல்லோடு தானே ஒட்டும், ஃபுளோரைடையும் மெல்ல மெல்லக் கசியவிடும். அடைப்பு தானாக ஒட்டுகிறது என்றான பிறகு நல்ல பல்லை வெட்ட வேண்டிய அவசியம் போயிற்று.

அதே ஆண்டுகளில் டோக்கியோவில் தகாவோ ஃபுசயாமா சொத்தைப்பட்ட டென்டினில் இரண்டு அடுக்குகள் இருப்பதைக் காட்டினார். வெளி அடுக்கில் கிருமிகள் புகுந்து கொலாஜன் என்ற புரத இழைகள் சிதைந்துவிட்டன. அது இனித் தேறாது. உள் அடுக்கில் தாது மட்டுமே கரைந்திருக்கிறது, இழைகள் நன்றாக உள்ளன. அது மீண்டும் கெட்டிப்படும். எடுக்க வேண்டியது வெளி அடுக்கு மட்டும் என்றால், வேகமாகச் சுழலும் உலோக முனை தேவைக்கு மிஞ்சிய கருவி. நல்லதையும் கெட்டதையும் அது பிரித்தறியாது.

பிரித்தறியும் பொருளை வேதியியலில் தேடினார்கள். பாஸ்டனில் பணியாற்றிய மெல்வின் கோல்ட்மேனும் ஜோசஃப் க்ரோன்மேனும் 1970களில், வேர்சிகிச்சையில் அழுகிய திசுவைக் கரைக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலிருந்து தொடங்கினர். அது தனியாக இருந்தால் நல்ல திசுவையும் அரிக்கும். அமினோ அமிலத்தோடு சேர்த்தபோது வீரியம் தணிந்து, சிதைந்த கொலாஜனை மட்டும் இளக்கியது. இதிலிருந்து வளர்ந்த காரிடெக்ஸுக்கு 1984இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. எண்ணம் அருமை, நடைமுறை பாரம். கரைசலைச் சூடாக்கிப் பம்பு வைத்துப் பல்லின் மேல் ஓடவிட வேண்டும். ஒரு பல்லுக்கு 200 முதல் 500 மில்லிலிட்டர் வரை செலவாகும். கலந்த கரைசல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1990களில் அது மறைந்தது.

1998இல் ஸ்வீடனிலிருந்து வந்த காரிசால்வ் அதே வேதியியலைக் கூழாக மாற்றியது. குளூட்டாமிக் அமிலம், லூசின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களும் ஹைப்போகுளோரைட்டும் இரண்டு சிரிஞ்சுகளில் தனித்தனியே இருக்கும். வேலை தொடங்குமுன் கலக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகக் குழியில் வைத்து அரை நிமிடம் பொறுத்தால் சொத்தை இளகும். வெட்டுமுனை இல்லாத மழுங்கிய கருவியால் அதைச் சுரண்டி எடுப்பார்கள். கூழ் கலங்கிப் போனால் இன்னும் சொத்தை இருக்கிறது. புதிதாக வைத்த கூழ் தெளிவாகவே நின்றால் வேலை முடிந்தது. ஒரு மில்லிலிட்டருக்குள் எல்லாம் அடங்கும். பலருக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஆனால் துளைக்கருவியைவிட நேரம் கூடுதலாக எடுத்தது, விலையும் அதிகம்.

விலைக்கு விடை பப்பாளியில் கிடைத்தது. இறைச்சி சீக்கிரம் வேக அதில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவது நம் சமையலறைகளில் பழக்கம். பப்பாளிக்காயில் உள்ள, புரதத்தை உடைக்கும் பப்பெய்ன் என்ற நொதிதான் இங்கும் வேலை செய்கிறது. உடலின் நல்ல திசுக்களில் இந்த நொதியைத் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. சொத்தையான பகுதியில் அது இல்லை. ஆகவே பப்பெய்ன் கெட்டதை மட்டுமே தின்கிறது. 2003இல் பிரேசிலில் சாண்ட்ரா கலில் புசடோரி இதைக் கொண்டு பப்பாகாரி என்ற கூழை உருவாக்கினார். பின்னர் சென்னை நிறுவனம் ஒன்று பப்பெய்னோடு கிராம்பு எண்ணெய் சேர்த்த காரி-கேர் கூழைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல்வலிக்குக் கிராம்பு வைக்கும் ஊரில் அந்தச் சேர்க்கை பொருத்தமானதே.

கூழும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்ற வழி ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1980களின் நடுவில் தான்சானியாவில் பணியாற்றிய நெதர்லாந்து மருத்துவர் யோ ஃபிரென்கென் கண்ட நிலைமை கொடியது: கிராமங்களில் துளைக்கருவியை ஓட்ட மின்சாரம் இல்லை, சொத்தை வந்த பல்லுக்குப் பிடுங்குவது ஒன்றே வைத்தியம். அவர் கைக்கருவிகளை மட்டும் நம்பினார். நோயாளி மேசையில் படுத்துக்கொள்வார். சிறு உளி போன்ற கருவியைத் திருகிக் குழியின் வாய் அகலமாக்கப்படும். நுனியில் குட்டிக் கரண்டி உள்ள கருவியால் மெத்தென்ற டென்டின் வழிக்கப்படும். பிறகு கிளாஸ் அயனோமரைக் குழைத்து வைத்து, வாசலின் தடவிய கையுறை விரலால் ஓங்கி அழுத்துவார்கள். பிதுங்கும் சிமென்ட் பக்கத்துப் பள்ளங்களிலும் இறங்கி அவற்றை மூடிக் காக்கும். நல்ல பல்லைத் தொடாததால் பெரும்பாலோருக்கு வலியில்லை.

1991இல் தாய்லாந்துக் கிராமங்களிலும், 1993இல் ஜிம்பாப்வேயின் பள்ளிகளிலும் இந்த முறை சோதிக்கப்பட்டது. தாய்லாந்தில் நிலைப்பற்களின் ஒரு பக்கச் சொத்தைக்கு வைத்த அடைப்புகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு மூன்றாண்டு கழிந்தும் நின்றன. ஜிம்பாப்வேயில் இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 1994ஆம் ஆண்டின் உலக சுகாதார தினத்தை வாய் நலத்துக்கு ஒதுக்கி, அன்று இந்த முறையை உலகுக்கு முன்வைத்தது. ஏழை நாடுகளுக்கான ஒப்பேற்று வைத்தியம் என்று இதை ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். அது நியாயமற்ற பேச்சு. ஒரு பக்கச் சொத்தையில் இதன் பலன் துளைக்கருவி கொண்டு செய்த வேலைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. பல பக்கங்களில் பரவிய சொத்தையில்தான் இது தளர்ந்தது.

லேசரும் இடையே வந்தது. எர்பியம் லேசருக்கு 1997இல் அமெரிக்காவில் பல்லை வெட்ட அனுமதி கிடைத்தது. விலையால் அது பரவலாகவில்லை.

சொத்தையை எடுக்காமலே விடலாமா என்ற கேள்வி இன்னும் துணிச்சலானது. அமெரிக்காவின் ஈவா மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் குழு சொத்தையை உள்ளேயே வைத்துக் காற்றுப் புகாமல் காம்போசிட்டால் மூடிய பற்களைப் பத்தாண்டு கவனித்து, 1998இல் முடிவைச் சொன்னது: நன்றாக மூடிய இடங்களில் சொத்தை முன்னேறவில்லை. உணவு கிடைக்காத கிருமிகள் ஒடுங்கிவிடுகின்றன. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நோர்னா ஹால் என்ற மருத்துவர் இதைக் குழந்தைகளின் பால்பற்களில் செய்துவந்தார். ஊசி போடாமல், எதையும் குடையாமல், எஃகு உறையில் சிமென்ட் நிரப்பிப் பல்லில் வைத்துக் குழந்தையையே கடிக்கச் சொல்வது அவர் முறை. அவருடைய பல்லாண்டுப் பதிவேடுகள் 2006இல் அலசி வெளியிடப்பட்டபோது மருத்துவ உலகம் வியந்தது. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் நடந்த ஒப்பீட்டு ஆய்வும் அவர் பக்கம் நின்றது.

2015இல் பெல்ஜியத்தின் லூவனில் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள், பல்கூழுக்கு அருகே போன ஆழமான சொத்தையில் மெத்தென்ற டென்டினை அடியில் விட்டுவிட்டு, விளிம்புகளை மட்டும் கெட்டியான பல் தெரியும்வரை சுத்தம் செய்து மூடும்படி பரிந்துரைத்தனர். ஜி.வி. பிளாக்கின் விதி அதோடு முறைப்படி கைவிடப்பட்டது.

ஜப்பான் 1970இலேயே ஒப்புதல் தந்த சில்வர் டயமின் ஃபுளோரைடு பிற நாடுகளுக்கு மெதுவாகவே போய்ச் சேர்ந்தது. சொத்தையில் ஒரு சொட்டுத் தடவினால் வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லைக் கெட்டிப்படுத்தும். ஆனால் சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல்லில் பெற்றோர் தயங்குவதற்கு இதுவே காரணம். அமெரிக்கா 2014இல், அதுவும் பல்கூச்சத்துக்கென்றே, இதற்கு அனுமதி தந்தது. 2020இல் கொரோனா பரவியபோது நீர்த்துளிகளைத் தெறிக்கவிடும் ஏரோட்டரைத் தவிர்க்க வேண்டியிருந்ததால், கைக்கருவி முறைக்கும் எஃகு உறைக்கும் இந்தச் சொட்டு மருந்துக்கும் வசதியான நகர மருத்துவமனைகளிலும் இடம் கிடைத்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் ஆகியவற்றோடு சில்வர் டயமின் ஃபுளோரைடையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.