ஆட்டிசம், ஏ.டி.எச்.டி.: பசியும் உணவுப் பழக்கமும்

ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு எனப்படும் ஏ.டி.எச்.டி. ஆகிய இரண்டும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலைகள். பேச்சு, படிப்பு, பழகும் விதம் என வெளியே தெரிபவையே அதிகம் பேசப்படுகின்றன. சாப்பாட்டுத் தட்டின் முன் நடப்பது வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று சொந்தபந்தம் சொல்லிவிடும் என்ற தயக்கமும் இதற்கொரு காரணம். பசியை உணர்வது, உணவை ஏற்பது, நேரத்துக்கு உண்பது ஆகிய மூன்றையும் இந்நிலைகள் மாற்றக்கூடும். அதில் பிடிவாதத்தின் பங்கு சிறியது.

ஆட்டிசம் மருத்துவ நூல்களில் ஏறியபோதே சாப்பாட்டுச் சிக்கலும் உடன் ஏறியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 1943-இல் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகளை விவரித்தார். அவர்களில் 6 பேருக்குப் பிறந்ததிலிருந்தே உணவூட்டுவது பெரும்பாடாக இருந்தது. 2019-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, ஆட்டிசமுள்ள குழந்தைகளில் சுமார் 70 விழுக்காட்டினரிடம் வழக்கத்துக்கு மாறான உணவுப் பழக்கம் இருந்தது. இத்தகைய நிலைகள் எதுவும் இல்லாத குழந்தைகளிடம் அது 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

முதன்மைக் காரணம் புலனுணர்வு. சேலம் அருகே சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்கு ஏறும் குடும்பங்கள் வழியில் வாங்கும் ஆரஞ்சைப் பார்த்தாலே இது விளங்கும். ஒரு சுளை இனிக்கும், அடுத்தது புளிக்கும். ஒன்றில் கொட்டை இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மலைக் கொய்யாவும் அப்படித்தான்: ஒரே பழத்தில் ஒரு பக்கம் கனிந்து, மறுபக்கம் காயாக இருக்கும். பொட்டலத்து பிஸ்கட்டோ எந்த ஊரில் பிரித்தாலும் ஒரே நிறம், ஒரே மொறுமொறுப்பு. வாயில் படுவதை மிகக் கூர்மையாக உணரும் குழந்தை, பழத்தைத் தள்ளிவிட்டு பிஸ்கட்டை எடுப்பதில் வியப்பில்லை. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழைய உணவான கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்குவார்கள். அந்த வழவழப்பு ஒருவருக்கு நிம்மதி, இன்னொருவருக்குக் குமட்டல்.

தமிழ்ச் சாப்பாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. குழம்பு பொரியலில் ஓடும், ரசம் மோரில் கலக்கும். வெள்ளைத் தயிர்ச்சோற்றை மட்டும் உண்ணும் பிள்ளைக்கு, அதில் விழுந்த ஒரு கடுகே போதும், தட்டு நகர்ந்துவிடும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, புலனுணர்வு வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். எடை பற்றிய கவலை ஏதுமின்றி உணவை ஒதுக்கும் 'ஆர்ஃபிட்' என்ற குறைபாட்டுக்கும் அதே பதிப்பில்தான் இடம் கிடைத்தது.

பசியே தெரியாமல் போவதும் உண்டு. வயிறு காலி, தாகம், சிறுநீர் முட்டுதல் போன்ற உட்செய்திகளை மூளை உணரும் திறன் சிலருக்கு மங்கலாக இருக்கும். அவர்களிடம் "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டால் உண்மையாகவே பதில் தெரியாது. தலைவலியோ எரிச்சலோ வந்த பிறகுதான் சாப்பிடவில்லை என்பது விளங்கும்.

ஏ.டி.எச்.டி.யில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. பிடித்த வேலையில் மூழ்கினால் மதியச் சாப்பாடு மறந்துபோகும். மாலையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போடுவார்கள். பருப்பு வேகவைத்து, புளி கரைத்து, காய் நறுக்கி, தாளித்து முடிக்கும் சாம்பார் பல படிகள் கொண்ட வேலை. வரிசையாகச் செய்து முடிக்கத் திணறும் பெரியவர் டீயும் பன்னுமாகப் பொழுதை ஓட்டிவிடுவார். பல ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு அலசல், ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களிடம் உடற்பருமன் மற்றவர்களைவிடச் சுமார் 70 விழுக்காடும், குழந்தைகளிடம் சுமார் 40 விழுக்காடும் அதிகம் என்றது. துறுதுறுவென்று ஓடும் பிள்ளை ஒல்லியாகத்தான் இருக்கும் என்ற பொதுநம்பிக்கைக்கு இது நேர்மாறு. ஏ.டி.எச்.டி. அரிதும் அல்ல: கோயம்புத்தூர் மாவட்டத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு அதைச் சுமார் 11 விழுக்காடு எனக் கணித்தது.

சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபியும் இந்தக் கதையில் உண்டு. கவனம் நிற்காத பெரியவர்கள் பலர் காபியை நம்பியே காலையைத் தள்ளுகிறார்கள். காபியில் உள்ள கஃபீன், ஏ.டி.எச்.டி. மருந்துக்கு ஈடாகாது.

அந்த மருந்துகளுள் முதன்மையான மெத்தில்ஃபெனிடேட் பசியை அடக்கும். சாதாரண மாத்திரையின் வீரியம் சுமார் 4 மணி நேரம். நீண்டு செயல்படும் வகை 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். காலையில் மாத்திரை போட்ட பிள்ளையின் மதிய டப்பா அப்படியே திரும்பி வருவதும், இரவில் அதே பிள்ளை அகோரப் பசியோடு அடுக்களையைச் சுற்றுவதும் இதனால்தான். மாத்திரைக்கு முன்பே வயிறாரச் சாப்பிடவைத்து, இரவு உணவைச் சற்றுப் பெரிதாக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும், வீட்டில் அவசரத்தில் காலைச் சாப்பாட்டைத் தவறவிடும் இத்தகைய பிள்ளைகளுக்கு இரட்டிப்புப் பயன் தரக்கூடியவை.

1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியையும் சேர்த்து, விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் ஏற்காடு. எந்த ஊராயினும் விடுதிச் சாப்பாடு இந்த இரு நிலைகளிலும் எதிரெதிராக வேலை செய்யும். மணி அடித்ததும் உண்ணும் ஒழுங்கு, நேரம் மறக்கும் பிள்ளைக்குப் பெருந்துணை. நூறு தட்டுகள் மோதும் ஓசையும் பெரிய அண்டாக்களின் வாடையும், ஆட்டிசமுள்ள பிள்ளையைச் சோற்றை விட்டே எழுந்து ஓடவைக்கலாம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் சாதாரணம். ஆனாலும் இரண்டையும் ஒருங்கே கண்டறிந்து பதியலாம் என அமெரிக்கக் கையேடு ஒப்புக்கொள்ள 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குறுகிய உணவின் விலையை உடல்தான் கொடுக்கிறது. இரும்புச்சத்துக் குறைவும் மலச்சிக்கலும் அடிக்கடி காணப்படுபவை. பழமும் காயும் அறவே ஒதுக்கிய பிள்ளைகள் வைட்டமின் சி குறைந்து, ஸ்கர்வி வந்து, கால்வலியால் நொண்டி நடந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிலர் மண்ணையும் சாக்பீஸையும் தின்பார்கள்.

கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்ற பரவலான அறிவுரைக்கு வலுவான சான்று இல்லை. தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் மட்டுமே உண்ணும் பிள்ளையிடமிருந்து கோதுமையையும் பாலையும் பறித்தால் மிஞ்சுவது வெறும் சோறுதான், கால்சியம் போய்விடும்.

உணவுப் பயிற்சி மெல்ல நடப்பது. புதிய உணவு முதலில் மேசையில் இருக்கும். பிறகு விரல் தொடும், மூக்கு முகரும், நாக்கு நுனி படும். விழுங்குவது கடைசிப் படி. பூச்சாண்டி காட்டித் திணிப்பது, ஏற்கெனவே உண்ணும் இரண்டொரு உணவையும் இழக்கவைக்கலாம்.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகிறது. அதன் பட்டியலில் இவ்விரு நிலைகளும் உள்ளன. ஆனால் பரிசோதனையில் எடைக் கருவி எல்லாவற்றையும் காட்டாது. பிஸ்கட்டிலேயே வளரும் குழந்தையின் எடை சரியாகவே இருக்கலாம். அது நாள்தோறும் என்னென்ன உண்கிறது என்று பெற்றோரிடம் கேட்டு எழுதும் ஒரு வாரப் பட்டியலில்தான் குறை தெரியவரும்.