ஆரோவில்: மரங்கள் முந்திக்கொண்ட நகரம்

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்துச் செம்மண் மேட்டில், 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. கார் ஓடாத நகரம் ஒன்றை வெறும் நிலத்திலிருந்து கட்டி எழுப்பத் தமிழ்நாட்டில் நடந்த பெருமுயற்சி இது. எண்ணம் அரவிந்தர் ஆசிரமத்து அன்னையுடையது. வரைபடம் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சேயுடையது.

விண்மீன் மண்டலம் போலச் சுழலும் அந்த வரைபடத்தின் நடுவில் தியான மண்டபமான மாத்ரிமந்திரும் தோட்டங்களும் இருந்தன. அவற்றைச் சுற்றிக் குடியிருப்பு, தொழில், பண்பாடு, பன்னாட்டு மண்டலங்கள், வெளியே 1.25 கி.மீ. அகலத்தில் பசுமை வளையம். 50,000 பேர் வாழ வேண்டிய நகர்ப்பகுதியின் குறுக்களவு 2.5 கி.மீ.தான். விளிம்பில் குடியிருப்பவரும் இருபது நிமிடத்தில் நடுவுக்கு நடந்துவிடலாம். காரை விலக்கும் துணிவு இந்த அளவிலிருந்தே வந்தது. கோயிலும் சந்தையும் வீடும் நடைதூரத்தில் வளர்ந்த பழைய ஊர்களில் இப்படிக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

காரை ஒதுக்கும் எண்ணம் இதற்கு முன்பும் இருந்தது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் 1929-இல் அமைத்த ராட்பர்னில் வீடுகள் பொதுப் பூங்காவை நோக்கி நின்றன. கார் மறுபுறத் தெருவோடு நின்றது. ஆரோவில் திட்டம் இன்னும் கடுமையானது. கார்கள் நகரின் விளிம்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

ஆனால் முதலில் வந்து குடியேறியவர்களுக்கு வீட்டைவிட மண்ணே அவசரமாக இருந்தது. காடழிந்த மேட்டிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து வங்கக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வரப்பு போட்டார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள், மழைநீரை நிலத்திலேயே நிறுத்தினார்கள். வேகமாக வளரும் அயல்நாட்டு மரங்கள் நிழல் கொடுத்த பின், பாலை, காசான், கருங்காலி எனக் கடற்கரைக் காட்டின் சொந்த இனங்களை நட்டார்கள். குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி முதலிய ஊர்களின் உழைப்பாளிகள் இல்லாமல் இது நடந்திருக்காது. பல லட்சம் மரங்கள் எழுந்தன. ஆரோவில்லின் உண்மையான சாதனை இந்தக் காடுதான்.

நகரம் அந்த வேகத்தில் எழவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் மக்கள்தொகை சுமார் 3,300. நிலம் துண்டு துண்டாக வாங்கப்பட்டதால் குடியிருப்புகளும் தோப்புகளுக்கிடையே சிதறின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. கார் இல்லாமல் வாழ நெருக்கமான குடியிருப்பு வேண்டும். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில், பழைய ராணுவக் குடியிருப்பு இருந்த இடத்தில் 1990களில் எழத் தொடங்கிய வோபான் இதைக் காட்டுகிறது. அங்கே அடுத்தடுத்து அடுக்கு வீடுகள். டிராம் உள்ளே வருகிறது. கார்கள் ஓரத்து நிறுத்தகங்களில் நிற்கின்றன. ஆரோவில்லில் அந்த ஒழுங்கு மாத்ரிமந்திரைப் பார்க்க வருவோருக்கு வாய்த்திருக்கிறது: பார்வையாளர் மையத்தில் வண்டியை விட்டு, மர நிழலில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்கிறார்கள்.

ஆனாலும் நகரத் திட்டம் கைவிடப்படவில்லை. 1988-இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2001-இல் மத்திய அரசு முழுமைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மண்டலங்களை இணைக்கும் வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் வெட்டப்பட்டபோது குடியிருப்போரிடையே பெரும் பிளவு உண்டானது. வரைபடத்தில் சாலைக்கென ஒதுக்கிய இடத்தில் அதற்குள் காடு வளர்ந்திருந்தது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும்வரை பணி நிற்க வேண்டும் என்று 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.