ஏடிபி கண்டறியப்பட்ட வரலாறு

அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி, எல்லா உயிரணுக்களிலும் ஆற்றலைக் கைமாற்றிக் கொடுக்கும் மூலக்கூறு ஆகும். பள்ளிப் பாடநூல்களில் இது 'செல்லின் ஆற்றல் நாணயம்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். மாணவர்களும் அதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வரியை உறுதியாக எழுதுவதற்கு அறிவியலாளர்களுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. இடையில் நோபல் பரிசு பெற்ற ஒரு கொள்கையே கவிழ்ந்தது.

லாக்டிக் அமிலக் கொள்கை

தசை சுருங்கும்போது அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதே தொடக்கக் கேள்வி. இங்கிலாந்தில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் ஆகிய இருவரும் 1907 இல் தவளைத் தசைகளை ஆராய்ந்தனர். களைத்துப்போன தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ஆக்சிசன் கிடைத்ததும் அது மறைகிறது என்று அவர்கள் காட்டினர். பின்னர் ஆர்ச்சிபால்ட் ஹில் தசையில் தோன்றும் வெப்பத்தை நுட்பமாக அளந்தார். ஜெர்மனியில் ஓட்டோ மயர்ஹாஃப் அதன் வேதியியலை ஆராய்ந்தார். தசையில் சேமித்த கிளைக்கோஜன் சிதைந்து லாக்டிக் அமிலமாகிறது, அந்த அமிலமே தசையைச் சுருங்கச் செய்கிறது என்ற கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. 1922 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. அவர்களுடைய அளவீடுகள் சரியானவை. அவற்றிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை இருந்தது.

நீல நிறம் தாமதமான கதை

அப்போதைய சென்னை மாகாணத்தில், பீமவரத்தில் 1895 இல் பிறந்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். விடுதலை இயக்க நாள்களில் கதராடை அணிந்ததால் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதியான எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் சில காலம் கற்பித்துவிட்டு, 1922 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பிறகு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் ஆய்வில் சேர்ந்தார்.

இருவரும் முதலில் செய்தது ஓர் அளவிடும் முறை. இரத்தத்திலோ சிறுநீரிலோ திசுச் சாற்றிலோ எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்று அறிய, அதில் அமிலமும் மாலிப்டேட் கரைசலும் சேர்த்து, பிறகு ஓர் ஒடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். 1925 இல் வெளியான இந்த ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை, பல பத்தாண்டுகள் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் அன்றாட வழக்கில் இருந்தது.

இதே முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது ஒரு விந்தை நடந்தது. நீல நிறம் உடனே முழுமையாக வரவில்லை. சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போனது. கைமுறைப் பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் இது. அவர்கள் ஒதுக்கவில்லை. தசையில் உள்ள பாஸ்பேட்டின் ஒரு பகுதி தனியாக இல்லாமல் வேறு எதனுடனோ பிணைந்திருக்கிறது, சோதனைக் குழாயின் அமிலத்தில் அந்தப் பிணைப்பு மெல்ல உடைகிறது, அதனால்தான் நிறம் தாமதிக்கிறது என்று ஊகித்தனர். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தபோது அது கிரியேட்டினும் பாஸ்பேட்டும் இணைந்த பாஸ்போகிரியேட்டின் என்று தெரிந்தது. 1927 இல் இதை வெளியிட்டனர். அதே ஆண்டு இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இப்பொருளைத் தனியாகக் கண்டு 'பாஸ்பாஜன்' என்று பெயரிட்டிருந்தனர். தசை வேலை செய்யும்போது இது குறைகிறது, ஓய்வில் மீண்டும் நிறைகிறது. என் கருத்தில், இந்த வரலாற்றில் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

1929 இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து மூன்று பாஸ்பேட் கொண்ட இன்னொரு பொருளைப் பிரித்தனர். அதுவே ஏடிபி. ஆனால் மயர்ஹாஃபின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கார்ல் லோமன் அதே ஆண்டில், சற்று முன்னதாகவே, அதைக் கண்டு வெளியிட்டிருந்தார். எனவே இரு தரப்பும் தனித்தனியே கண்டறிந்ததாகக் கொள்வதே நியாயம். நம் பக்கத்தில் சில கட்டுரைகள் சுப்பாராவ் ஒருவரே கண்டுபிடித்தார் என்கின்றன. மேனாட்டு நூல்கள் பல லோமனை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றன. இரண்டும் பொருந்தாது.

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காத சுப்பாராவ் பின்னர் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் இன்றும் வழங்கப்படும் டைஎதில்கார்பமசைன் மாத்திரை, அங்கு அவர் வழிநடத்திய குழுவின் ஆய்விலிருந்து வந்தது. 1948 இல் அவர் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

கொள்கை கவிழ்தல்

1930 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஐனார் லண்ட்ஸ்கார்ட், அயோடோஅசிட்டிக் அமிலம் என்ற நஞ்சைச் செலுத்தி விலங்குத் தசைகளை ஆராய்ந்தார். இந்த நஞ்சு லாக்டிக் அமிலம் உருவாவதைத் தடுத்துவிடும். ஆயினும் தசைகள் சிறிது நேரம் சுருங்கின! அதாவது லாக்டிக் அமிலம் இல்லாமலே தசை இயங்கும். பாஸ்போகிரியேட்டின் தீர்ந்த பிறகே தசை விறைத்து நின்றது. ஹில் இதை வெளிப்படையாக ஏற்று, தசை உடலியலில் புரட்சி நடந்துவிட்டது என்று 1932 இல் எழுதினார். தம் கொள்கை சரிந்ததைத் தாமே ஊருக்குச் சொல்லும் அறிஞர்கள் அரிது.

1934 இல் லோமன் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். முதலில் உடைவது ஏடிபிதான். ஒரு பாஸ்பேட்டை இழந்து அது ஏடிபி என்ற நிலையிலிருந்து ஏடிபி-க்கு அடுத்த படியான அடினோசின் டைபாஸ்பேட் ஆகிறது. பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை உடனே மீண்டும் ஏடிபி ஆக்குகிறது. கையில் உள்ள சில்லறை ஏடிபி என்றால், சட்டைப்பையில் உள்ள பணம் பாஸ்போகிரியேட்டின். கிளைக்கோஜனும் கொழுப்பும் வங்கிச் சேமிப்பு. 1941 இல் ஃபிரிட்ஸ் லிப்மன் இதைத் தசையோடு நிறுத்தாமல் எல்லா உயிரணுக்களுக்கும் பொதுவாக்கினார். நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி மிகக் குறைவு. அது திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுவதால், ஒரு நாளில் கைமாறும் மொத்த அளவு ஏறக்குறைய நம் உடல் எடைக்கே சமமாகும் என்று மதிப்பிடுகின்றனர்.

மிட்செலின் துணிச்சல்

உணவு ஆக்சிசனேற்றம் அடையும்போது மைட்டோகாண்டிரியாவில் ஏடிபி உருவாகிறது என்பது 1940களின் இறுதியில் தெளிவாயிற்று. பச்சை இலையின் பசுங்கணிகமும் ஒளியைக் கொண்டு ஏடிபி செய்கிறது என்று 1954 இல் டேனியல் ஆர்னான் குழுவினர் காட்டினர். எப்படி என்பதுதான் தெரியவில்லை. ஆற்றலைச் சுமக்கும் ஓர் இடைநிலை வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று பல ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் தேடின. அகப்படவில்லை.

1961 இல் பீட்டர் மிட்செல், அப்படி ஒரு பொருளே தேவையில்லை என்றார். உணவிலிருந்தோ ஒளியிலிருந்தோ கிடைக்கும் ஆற்றல், சவ்வின் ஒரு பக்கத்துக்குப் புரோட்டான்களைத் தள்ளுகிறது. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சுழலியைச் சுற்றுவதைப் போல, அவை திரும்பி வரும்போது ஏடிபி உருவாகிறது. பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. மிட்செல் பல்கலைக்கழகப் பணியை விட்டு, கார்ன்வால் பகுதியில் பழைய மாளிகை ஒன்றைப் புதுப்பித்துச் சொந்த ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அவருக்கு வலுவான சான்று வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1966 இல் அமெரிக்காவில் ஆந்த்ரே ஜாகென்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேயும் பசுங்கணிகச் சவ்வுகளை அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினர். முழு இருட்டு. ஒளி சிறிதும் இல்லை. ஆயினும் ஏடிபி உருவானது. புரோட்டான் வேறுபாடு ஒன்றே போதுமானதாக இருந்தது. 1978 இல் மிட்செலுக்கு வேதியியல் நோபல் பரிசு தனியாக வழங்கப்பட்டது.

மதகின் சுழலியாக இருப்பது ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. அதன் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது என்று பால் பாயர் கருதினார். ஜான் வாக்கர் அதன் வடிவத்தைக் கண்டார். 1997 இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நொதியின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, ஏடிபி கொடுத்தனர். நுண்ணோக்கியின் கீழ் இழை ஒரே திசையில் சுற்றியது.