குடும்பவழி இருதய நோய்: கல்முனைக் கரையோரம்

ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் இளவயதில் வரும் மாரடைப்பும் பாரிசவாதமும் குடும்பவழி இருதய நோய் எனப்படும். நோய் தொடங்குமிடம் நாடிகளின் உட்சுவர். ஒற்றைக் கல அடுக்காலான அகவணி, நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்து நாடியை இளக்கமாக வைத்திருக்கிறது. புகை, சீனி வருத்தம், பிரஷர், எல்டிஎல் கொலஸ்ட்ரோல் ஆகியவற்றால் அது பழுதானால் சுவருக்குள் கொழுப்புப் படியும். முதல் கீற்றுகள் சிறுவயதிலேயே விழுந்துவிடும். நெஞ்சு வலிக்கப் பல பத்தாண்டுகள் செல்லும்.

இலங்கையும் பங்கேற்ற 52 நாடுகளின் இண்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. பிற நாட்டினருக்கு ஏறக்குறைய 59.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். உம்மம்மா, உம்மா, மகள் மூவரும் பெரும்பாலும் ஒரே வளவில். ஒரே தேங்காய்ப்பால் ஆணம், ஒரே கருவாட்டு உப்பு, பெருநாளில் ஒரே வட்டிலப்பம். மரபணுவோடு சமையலும் பிள்ளைக்குச் சேர்கிறது. குடி எனும் வம்சம் தாய்வழியில் எண்ணப்படுவதால் உம்மா பக்கத்து வருத்தங்கள் எல்லோருக்கும் தெரியும். வாப்பாவின் வளவு வேறாக இருப்பதால் அந்தப் பக்கத்துச் செய்தி எளிதில் விடுபடும். நோய்க்குக் குடிக் கணக்கு இல்லை; இருபக்கமும் கேட்கவேண்டும். வாப்பாவுக்கோ காக்காவுக்கோ 55 வயதுக்கு முன்போ, உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ 65 வயதுக்கு முன்போ இருதய நோய் வந்திருந்தால் அது எச்சரிக்கை. கர்ப்பகாலப் பிரஷரும் பிற்காலத்தில் தாயின் நாடிகளுக்கு ஆபத்தைக் கூட்டும். மகப்பேறு முடிந்ததும் அதை மறந்துவிடுவது பெரும் இழப்பு.

பிறவியிலேயே எல்டிஎல் உயர்ந்திருக்கும் நிலை தனியே கவனிக்கத்தக்கது. ஈரலில் எல்டிஎல்லைப் பிடித்து அகற்றும் வாங்கி பழுதாவதே பெரும்பாலும் காரணம். அந்த வாங்கியைக் கண்ட பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மச்சான் மச்சாள் கல்யாணத்தில் இருவருமே அதைச் சுமந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு இரட்டைப் பழுது சேரக்கூடும். மருந்தின்றி அந்தப் பிள்ளை இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பைச் சந்திக்கலாம்.

இந்நிலை உள்ளவர்களில் சிலருக்குக் குதிக்காலுக்கு மேலுள்ள நாண் தடித்திருக்கும். விரல் மொழிகளின் நாணில் கட்டி தட்டுப்படும். தொழுகைக்கு வுழூச் செய்து கால் கழுவும்போது கையே காட்டிக்கொடுக்கும் அடையாளம் இது.

அரச ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011 முதல் பிரஷரையும் சீனியையும் இலவசமாகச் சோதிக்கின்றன. ஆனால் அவை வளர்ந்தவர்களுக்கானவை. பிறவியிலேயே எல்டிஎல் உயர்ந்தவர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து வயதளவிலேயே கொலஸ்ட்ரோல் பார்க்கவேண்டும். நோய் உறுதியானால், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை வைத்தியர்கள் அந்த வயதிலிருந்தே தொடங்குகிறார்கள்.