தூளிக்கு ஒரு மரம்

பாடாலூர்ப் பக்கம் கைக்குழந்தையோடு காட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் சோற்றுத் தூக்கு இருக்கும், களைக்கொத்து இருக்கும், மடித்த பழைய நூல்புடவை ஒன்றும் இருக்கும். புடவை பிள்ளைக்கு. கொல்லையில் இறங்குமுன் அவள் மரம் தேடுவாள். வேம்போ, புளியோ, கிணற்றடிப் பூவரசோ. கிளை தாழ்ந்திருக்க வேண்டும், காற்று வர வேண்டும், எறும்பு ஏறக்கூடாது. என் அம்மாயி இதை ஒரு சாத்திரம்போலச் சொல்வார். காலையில் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும். அதை நம்பித் தூளி கட்டினால் பத்து மணிக்குப் பிள்ளை வெயிலில் கிடக்கும். உச்சிப்பொழுதில் நிழல் எங்கே வந்து நிற்கும் என்று விடியும்போதே கணக்குப் போட வேண்டும்.

பிள்ளைத்தமிழ் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். காப்புப் பருவத்தில் எத்தனையோ தெய்வங்களைக் கூப்பிட்டுக் குழந்தையைக் காக்கச் சொல்கிறோம். கத்தரி வெயிலில் தூளிக்குள் கிடக்கும் கூலிக்காரியின் குழந்தை அந்தப் பருவத்துக்குள் வருவதேயில்லை.

மருத்துவர்கள் இன்று சொல்வது எளிமையானது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைக்கக் கூடாது. அந்த வயதில் சன்ஸ்கிரீனை நம்பியிருக்க வேண்டாம். நிழலும், தளர்வான பருத்தித் துணியும், அகல விளிம்புத் தொப்பியும்தான் காப்பு. பிறந்த குழந்தையின் தோல் மெல்லியது, வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனும் அதற்குக் குறைவு. வெயில் படக்கூடாது என்று தூளியின்மேல் கனத்த துணியைப் போட்டு மூடினால் உள்ளே காற்று நின்று சூடேறும். எலும்புக்கு நல்லது என்று இளவெயிலில் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்குப் பதில் இப்போது நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்தாகவே கொடுக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம், வெயில் நாளில் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும்.

அடிக்கடி என்ற அந்த ஒரு சொல்லில்தான் பிரச்சினை இருக்கிறது. வெங்காயக் கொல்லையில் வரிசையாகக் களையெடுத்துப் போகும் பெண் அடிக்கடி எழுந்து மரத்தடிக்குப் போனால் அவள் வரிசை பின்தங்கும், மறுநாள் அவளைக் கூப்பிடமாட்டார்கள். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை தரச் சொன்னது. அது ஆலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும். கொல்லைக்கு இல்லை.

மரம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. பம்புசெட்டுக் கொட்டகையின் விட்டம் நல்ல நிழல், ஈரக்காற்றும் வரும். அங்கே யார் தூளி கட்டலாம் என்பதைச் சாதி முடிவுசெய்தது என்று அம்மாயி சொல்வார். காலனியிலிருந்து வந்த பெண்களுக்கு வரப்போரக் கருவேல மரந்தான். கருவேலம் தருவது சல்லடை நிழல். பிள்ளையின் முகத்தில் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்து ஆடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தூளியை ஆட்ட ஓர் ஆள் வேண்டும். வெயில் திரும்பினால் கயிற்றை அவிழ்த்து வேறு கிளைக்கு மாற்ற வேண்டும், ஈ விரட்ட வேண்டும், வீறிட்டால் அம்மாவைக் கூப்பிட வேண்டும். என் சித்தி நான்காம் வகுப்போடு நின்றது இதற்காகத்தான். தம்பி பிறந்த வருடம் அவருக்கு ஒன்பது வயது. மாணவிகளிடம் “உங்கள் அம்மாவை யார் தூக்கி வளர்த்தார்கள்?” என்று கேட்டுவரச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு அக்காவின் பெயரோடு வருவார்கள். அந்த அக்காக்களின் நிழலில்தான் நம் வீட்டுக் குழந்தைகளின் தோல் வெந்துபோகாமல் தப்பித்தது. வரலாற்றுப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

புத்தகத்தில் வேறொரு குழந்தையின் தோல் இருக்கிறது. வெப்பநாட்டு வெயில் வெள்ளையர் உடலையும் மூளையையும் கெடுத்துவிடும் என்ற அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு அறிவியலாகவே வளர்ந்தது. சார்லஸ் உட்ரஃப் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 1905-ல் வெப்பநாட்டு ஒளி வெள்ளையர்மீது செய்யும் கேடு பற்றி ஒரு நூலே எழுதினார். நெட்டித் தக்கையில் செய்த தொப்பி இல்லாமல் வெள்ளைக் குழந்தை வெளியே வரக்கூடாது என்பது விதியானது. மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டியதற்குக் காரணம் சமவெளியின் வெப்பமும் நோயும்தான். அந்தக் குழந்தைகளை வளர்த்தது நம் ஆயாக்கள், சிலருக்குப் பாலூட்டியதும் நம் பெண்கள்தான். துரை வீட்டுப் பிள்ளைக்குக் குடை பிடித்த ஆயாவின் சொந்தப் பிள்ளை அந்நேரம் எந்த மரத்தடியில் கிடந்தது என்று எழுதிவைக்க ஆளில்லை.

வெள்ளைத் தோல்தான் காக்கத் தக்கது என்ற எண்ணம் துரைமாரோடு போய்விடவுமில்லை. 1975-ல் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2020-ல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போனது, களிம்பு போகவில்லை. “வெயில்ல தூக்கிட்டுப் போகாதே, கறுத்துடும்” என்று பெண்குழந்தையைப் பார்த்துச் சொல்லும்போது நாம் அதன் தோலைக் காப்பதாக நினைக்கிறோம். கறுப்பு என்பதே அந்தத் தோல் வெயிலுக்கு எதிராகத் தானே செய்துகொள்ளும் காப்பு. நாம் கவலைப்பட வேண்டியது சூட்டுக்கும் நீர்வற்றலுக்கும் கொப்புளத்துக்கும். பிற்காலத்து மாப்பிள்ளை வீட்டாருக்காக அல்ல.

எங்கள் ஊர் அடங்கிய பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து கூட்டம் கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் குழந்தைகளை வைத்திருந்த இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். மலாயா ரப்பர்த் தோட்டத்தில் அது ஆயாக் கொட்டகை. தாய் பாதியில் திரும்பிவிடாமல் முழுநாளும் வேலை செய்ய வேண்டும் என்ற தோட்டக்காரரின் கணக்கு அதில் உண்டு. ஆனாலும் கூரை கூரைதான், பிள்ளையைப் பார்க்க ஒருத்திக்குச் சம்பளமும் இருந்தது. பம்பாய் ஆலைப் பெண்கள் பிள்ளை அழாமலிருக்க அபினி கொடுத்துவிட்டு வேலைக்குப் போனது வெள்ளையர் கால அறிக்கைகளிலேயே பதிவாகியிருக்கிறது.

விடுதலைக்குப் பின் சட்டங்கள் வந்தன. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அது முப்பதானது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வால்பாறைக்கும் நீலகிரிக்கும் அதையே சொன்னது. 1952-ன் சுரங்கச் சட்டத்திலும் காப்பகத்துக்கு இடமிருந்தது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலைசெய்யும் நிறுவனத்தில் காப்பகம் என்றார்கள். எல்லாவற்றிலும் ஒரு எண்ணிக்கையோ ஒரு வாசலோ இருந்தது. பத்துப் பேர் வெங்காயத் தாளறுக்கும் களத்துக்கு வாசலும் இல்லை, எண்ணிக்கையும் எட்டாது.

பாடாலூரைச் சுற்றிக் கல்குவாரிகள் இருக்கின்றன. மொட்டைப் பாறை வெயிலைத் திருப்பி அடிக்கும், வெண்தூசும் அப்படித்தான். அங்கே குடைக்குக் கீழே கிடக்கும் குழந்தைக்கும் வெயில் பக்கவாட்டில் வந்து சேரும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையானபோது ஓரத்துப் புளியமரங்களும் போயின. பக்கத்துச் சாத்தனூரில் பன்னிரண்டு கோடி வருடத்துக் கல்மரத்துக்கு வேலி போட்டுக் காக்கிறார்கள். நல்லதுதான். நிற்கிற மரத்துக்கும் ஒரு வேலி இருந்திருக்கலாம்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம். நாம் நூறு நாள் வேலை என்கிறோமே, அது. 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில், வேலைத்தளத்தில் குடிநீர், முதலுதவிப் பெட்டியோடு குழந்தைகளுக்கு நிழலும் கேட்டிருந்தார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் தாயோடு வந்திருந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பிள்ளை பார்க்க அமர்த்த வேண்டும், அவளுக்குக் கூலி தர வேண்டும் என்றார்கள். சித்தி ஒன்பது வயதில் சும்மா செய்த வேலைக்குச் சட்டத்தில் கூலி என்ற சொல் வந்தது. மண்வெட்டி பிடிக்கும் கையும் தூளி ஆட்டும் கையும் ஒரே என்.எம்.ஆர். தாளில்.

சில ஆண்டுகளுக்கு முன் சித்திரையில் பக்கத்து ஊர் ஏரி வேலையில் அதை நேரில் பார்த்தேன். கரையில் நீலத் தார்ப்பாயை நான்கு கழியில் கட்டியிருந்தார்கள். கீழே ஐந்து பிள்ளைகள், ஒருவன் தூளியில். பார்த்துக்கொண்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஈரத்துணியால் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்து மடிப்பையும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார், வேர்க்குரு. மண் சுமந்து வந்த ஒருத்தி கேட்டாள்: “உக்காந்திருக்கறதுக்கும் எனக்குக் குடுக்கற கூலியேவா?”

“நீ வந்து அஞ்சையும் வச்சுக்கடி. நான் மண்ணு அள்ளுறேன்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், கேட்டவளும் சிரித்தாள். யாரும் இடம் மாறவில்லை.

அடுத்த வாரம் மறுபடி போனபோது தார்ப்பாய் சுருட்டிக் கிடந்தது. ஒரு பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போய்விட்டானாம். நான்கு பேர்தான், சட்டத்துக்கு ஐந்து வேண்டும். அந்த அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். தூளி கரையிலிருந்த கருவேல மரத்துக்கு மாறியிருந்தது, பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண்ணொருத்தி நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.