மறைமலைநகரில் ஃபோர்டு: ஓர் அமெரிக்கச் சீருந்து நிறுவனத்தின் எழுச்சி, சரிவு, மீட்சி – வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுச்சி பெற்று, அந்நூற்றாண்டின் முடிவை ஒட்டிய ஆண்டுகளில் தளர்ந்து, 2006ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டது. அதன் வரலாறு தமிழகத்தோடு இருமுறை பிணைந்துள்ளது. 1926 முதல் 1950களின் முற்பகுதி வரை சென்னையில் வண்டிகளைப் பூட்டி விற்றமை முதல் பிணைப்பு. 1995 முதல் இன்று வரை மறைமலைநகரை மையமாகக் கொண்டது இரண்டாம் பிணைப்பு. இவ்விரு காலகட்டங்களையும் ஒப்பிட்டு, நிறுவனத்தின் மீட்சியும் ஆலையின் மீட்சியும் தொழிலாளரின் மீட்சியும் ஒன்றல்ல என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஃபோர்டு, மறைமலைநகர், சீருந்துத் தொழில், சுங்கவரி ஆணையம், தாராளமயம், தொழிலாளர்.

முன்னுரை

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இராசபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி வழியாகச் செல்கின்றது. எலுமிச்சையும் நெல்லும் தென்னையும் விளையும் இப்பகுதியில் சீருந்து ஆலைகள் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்திலோ பல்தொழில்நுட்பக் கல்லூரியிலோ பயின்று வெளிவரும் இவ்வூர் இளைஞர் பலர், சென்னைக்குத் தெற்கிலும் மேற்கிலும் அமைந்த சீருந்து ஆலைகளையும் அவற்றைச் சார்ந்த உதிரிபாக ஆலைகளையும் நாடிச் செல்கின்றனர். ஆதலால் மறைமலைநகரில் ஓர் ஆலை திறப்பதும் மூடுவதும் அறுநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் உரிய செய்தியே.

தமிழில் தொழில் வரலாறு குறித்த ஆய்வுகள் நெசவு, தீப்பெட்டி, தோல், தேயிலை ஆகியவற்றை மிகுதியாகப் பேசியுள்ளன. சீருந்துத் தொழில் அவ்வளவு கவனம் பெறவில்லை. அந்த இடைவெளியை ஒரு நிறுவனத்தின் வழியே சிறிதளவேனும் நிரப்ப இக்கட்டுரை முயல்கின்றது.

ஃபோர்டின் எழுச்சி

ஹென்றி ஃபோர்டு 1903ஆம் ஆண்டு சூன் 16 அன்று மிச்சிகன் மாநிலத்தில் தம் நிறுவனத்தைப் பதிவு செய்தார். 1908இல் வெளிவந்த 'மாடல் டி' என்னும் வண்டியே அதனை உலகறியச் செய்தது. தொடக்கத்தில் 850 டாலர் விலையுடைய அவ்வண்டி, 1920களின் நடுப்பகுதியில் 300 டாலருக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. 1913இல் ஹைலண்டு பார்க் ஆலையில் நிறுவப்பட்ட நகரும் பூட்டுவரிசையே இவ்விலைக் குறைப்புக்கு அடிப்படை. அதுவரை தொழிலாளி வண்டியை நோக்கிச் சென்றான். இனி வண்டி தொழிலாளியை நோக்கி வந்தது. ஓர் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன நிலை மாறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும் என்றாயிற்று.

இம்முறைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரே அசைவை நாள் முழுதும் செய்ய நேர்ந்த தொழிலாளர் பெருந்தொகையினராய் வேலையை விட்டு நீங்கினர். அவர்களைத் தக்கவைக்கவே 1914 சனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் அறிவிக்கப்பட்டது. அதனைக் கொடையெனப் புகழ்வதைக் காட்டிலும், ஆலை இடையறாது இயங்குவதற்கு நிறுவனம் கொடுத்த விலையெனக் கொள்வதே பொருந்தும். 1927இல் மாடல் டி நிறுத்தப்பட்டபோது, ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன.

சென்னையில் முதல் வருகை

பிரித்தானியா நீங்கலாகப் பிரித்தானியப் பேரரசின் பகுதிகளில் வண்டி விற்கும் உரிமை ஃபோர்டின் கனடாக் கிளைக்கு இருந்தது. அக்கிளையின் துணை நிறுவனமாக 1926இல் இந்திய ஃபோர்டு தோன்றியது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில், பிரித்த நிலையில் வந்திறங்கிய பாகங்கள் வண்டிகளாகப் பூட்டப்பட்டன. 1928இல் செனரல் மோட்டார்சு நிறுவனமும் பம்பாயில் இத்தகைய ஆலையைத் தொடங்கியது.

தமிழகத்தின் உள்ளூர் முதலீட்டாளரும் இக்காலத்தில் இத்துறைக்குள் வந்தனர். திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், மதுரையை மையமாகக் கொண்டு பேருந்துத் தொழிலைத் தொடங்கி, பின்னர் அமெரிக்க வண்டிகளின் பெரும் விற்பனையாளராகவும் வளர்ந்தார். அவர் குழுமத்திலிருந்து 1960களில் கிளைத்த உதிரிபாக நிறுவனங்கள் சென்னையைச் சுற்றியும் அதன் புறநகரிலும் வேரூன்றின. 1990களில் பன்னாட்டு நிறுவனங்கள் சென்னையைத் தேர்ந்தெடுத்ததன் முன்கதை இங்கேதான் உள்ளது.

விடுதலைக்குப் பின் இந்திய அரசின் நோக்கு மாறியது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவது மட்டும் தொழிலாகாது. படிப்படியாக அவற்றை இங்கேயே செய்ய வேண்டும் என்பது கொள்கையாயிற்று. 1953இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத பூட்டு ஆலைகள் தொடர வேண்டியதில்லை எனப் பரிந்துரைத்தது. அன்றைய இந்தியச் சந்தையோ மிகச் சிறியது. அச்சந்தைக்காக எந்திர ஆலை நிறுவ ஃபோர்டும் செனரல் மோட்டார்சும் முன்வரவில்லை. இரண்டும் வெளியேறின. முதல் வருகை இவ்வாறு அரசின் கொள்கையால் முடிவுற்றது.

இரண்டாம் வருகை

1991இன் புதிய தொழிற்கொள்கையையும், 1993இல் சீருந்துத் தொழிலுக்கு உரிமமுறை நீக்கப்பட்டதையும் தொடர்ந்து, ஃபோர்டு மீண்டும் வந்தது. 1995இல் மகிந்திரா நிறுவனத்துடன் சமபங்குக் கூட்டு உருவாயிற்று. நாசிக்கில் பூட்டப்பட்ட எசுகார்ட் 1996இல் விற்பனைக்கு வந்தது. 1998இல் ஃபோர்டு பெரும்பங்கைத் தன்வசமாக்கியது. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரில், துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் அணுக்கமாக அதன் ஆலை எழுந்தது. 1999இல் இந்தியச் சந்தைக்கெனவே வடிவமைக்கப்பட்ட ஐகான் வண்டி அங்கிருந்து வெளிவந்தது.

2008இல் நிறுவனம் 50 கோடி டாலர் கூடுதல் முதலீட்டை அறிவித்தது. அதன் பயனாக எந்திர ஆலை அமைந்தது. 2010இல் ஃபிகோ என்னும் சிறுவண்டி வந்தது. 2013இல் வெளியான எக்கோசுபோர்ட் நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமுடையது. சிறுவண்டிகளுக்கு 2006ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அளித்த கலால் வரிச்சலுகையின் வரம்புக்குள் உயரமான வண்டியொன்றை அடக்கிய அதன் வடிவமைப்பைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின. மறைமலைநகரில் செய்யப்பட்ட இவ்வண்டி 2018 முதல் அமெரிக்காவிலேயே விற்கப்பட்டது. பிரித்த பாகங்களாகச் சென்னைக்கு வண்டி வந்த வரலாறு, முழு வண்டியாக ஃபோர்டின் தாயகத்துக்கே சென்ற வரலாறாக மாறியது.

தாய் நிறுவனத்தின் நெருக்கடியும் மீட்சியும்

இதே காலத்தில் தாய் நிறுவனம் கடும் நெருக்கடியைக் கடந்துகொண்டிருந்தது. 2006இல் அதன் இழப்பு 1,270 கோடி டாலர். அவ்வாண்டு தலைமைப் பொறுப்பேற்ற ஆலன் முலாலியின் காலத்தில், தன் ஆலைகளையும் புகழ்பெற்ற நீல முட்டைவடிவச் சின்னத்தையும் ஈடுவைத்து, நிறுவனம் 2,360 கோடி டாலர் கடன் வசதியைப் பெற்றது. சாகுவார், லேண்டு ரோவர் ஆகியவற்றை 2008இல் டாட்டா நிறுவனத்துக்கு விற்றது. 2009இல் செனரல் மோட்டார்சும் கிரைசுலரும் திவால் நடைமுறைக்குச் சென்று அரசின் துணையால் மீண்டன. ஃபோர்டு அந்நிலைக்குச் செல்லவில்லை. ஆயினும் எரிபொருள் சிக்கன வண்டிகளுக்காக அமெரிக்க அரசு அளித்த 590 கோடி டாலர் கடனை அது பெற்றது. எனவே அரசின் கைபடாத மீட்சி என இதனை முழுமையாகக் கூறுதல் இயலாது. 2012இல் ஈடுவைத்த சின்னம் மீட்கப்பட்டது.

இம்மீட்சியின் உள்ளடக்கம் கருதத்தக்கது. ஈட்டம் தராத பகுதிகளை நீக்குவதே அதன் அடிப்படை விதி. அவ்விதி ஒருநாள் மறைமலைநகரையும் வந்தடைந்தது.

மூடலுக்கான காரணங்கள்

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் வண்டி உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. முந்தைய பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேற்பட்ட இயக்க இழப்பு ஏற்பட்டதாக அது கூறியது. இந்தியச் சந்தையில் அதன் பங்கு அப்போது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு.

இச்சரிவை மாநிலச் சூழலின் குறையாகக் கொள்ள இயலாது. ஏறத்தாழ அதே காலத்தில், அதே மாநிலத்தில், இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கிய ஹூண்டாய் நிறுவனம் நாட்டின் பெருநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1998இல் அது சாந்த்ரோ என்னும் சிறுவண்டியோடு சந்தைக்குள் நுழைந்தது. ஃபோர்டு சிறுவண்டிப் பிரிவுக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் தாமதித்தது. இது முதற்காரணம்.

குறைந்த எண்ணிக்கையிலான வண்டி வகைகளைச் சார்ந்திருந்தமை இரண்டாம் காரணம். ஒன்று வெற்றி பெற்றபின் அடுத்தது வருவதற்குள் போட்டியாளர் முந்தினர். தேவைக்கு மிஞ்சிய கொள்ளளவு மூன்றாம் காரணம். மறைமலைநகர் ஆலை ஆண்டுக்கு இரண்டு இலட்சம் வண்டிகளைச் செய்யவல்லதாய் இருந்தது. அதன் முழுப்பயன் கிட்டுமுன்பே, 2015இல் குசராத்தின் சாணந்தில் 100 கோடி டாலர் செலவில் 2,40,000 வண்டிகளுக்கான இன்னோர் ஆலை திறக்கப்பட்டது. இறுதிக் காரணம் கூட்டுமுயற்சியின் முறிவு. 2019 அக்டோபரில் மகிந்திராவுடன் அறிவிக்கப்பட்ட புதிய கூட்டு, 2020 திசம்பர் 31 அன்று கைவிடப்பட்டது.

முதல் வருகை அரசுக் கொள்கையால் முடிந்தது. இரண்டாம் வருகை சந்தையாலும் நிறுவனத்தின் சொந்தத் தேர்வுகளாலும் முடிந்தது. இவ்வேறுபாடு வரலாற்று நோக்கில் முதன்மையானது.

தொழிலாளரும் ஆலையும்

நாடு முழுவதும் ஏறத்தாழ நாலாயிரம் பணியாளர் பாதிக்கப்படுவர் என நிறுவனமே அறிவித்தது. இவ்வெண்ணிக்கையில் உதிரிபாக ஆலைகளிலும் முகவர் கடைகளிலும் உணவகங்களிலும் வாடகை வண்டிகளிலும் பிழைத்தோர் அடங்கார். மறைமலைநகரில் 2022 மே மாத இறுதியில், பணிமுறிவு ஈட்டுத்தொகையை உயர்த்தக் கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டு சூலையில் கடைசி எக்கோசுபோர்ட் வரிசையை விட்டு வெளிவந்தது.

ஈட்டுத்தொகை கடந்த உழைப்பின் ஆண்டுகளைக் கணக்கிட்டு வழங்கப்படுவது. நாற்பது வயதில் ஒரே வகைப் பூட்டுவரிசைப் பயிற்சியோடு வெளியேறும் ஒருவர், எஞ்சிய இருபது ஆண்டுகளை எவ்வாறு ஈடுகட்டுவார் என்னும் வினா அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. 1914இல் தொழிலாளரைத் தக்கவைக்க ஊதியத்தை உயர்த்திய நிறுவனம், 2022இல் அவர்களை விடுவிக்கத் தொகை பேசிய நிலை, ஒரு நூற்றாண்டில் உழைப்பின் மதிப்பு அடைந்த மாற்றத்தைக் காட்டுகின்றது.

சாணந்து ஆலை டாட்டா நிறுவனத்தின் கைக்கு மாறி, மீண்டும் வண்டி செய்யத் தொடங்கியது. மறைமலைநகர் ஆலை விற்கப்படாமல் நின்றது.

மீட்சியின் புதிய வடிவம்

2024 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அமெரிக்கப் பயணத்தின்போது ஃபோர்டு அலுவலர்களைச் சந்தித்தார். அதனைத் தொடர்ந்து, ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு மறைமலைநகர் ஆலையைப் பயன்படுத்த விரும்புவதாக நிறுவனம் அரசுக்குக் கடிதம் அளித்தது. 2025 அக்டோபர் இறுதியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 3,250 கோடி உரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எந்திரங்கள், 2029இல் உற்பத்தித் தொடக்கம், அறுநூறுக்கு மேற்பட்ட வேலைகள் என்பன அதன் கூறுகள்.

இங்கு இரு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, வரலாற்றின் தலைகீழ் மாற்றம். 1953இல் எந்திரத்தை இங்கே செய்ய முன்வராமையால் ஃபோர்டு வெளியேறியது. இன்று முழுவண்டியை விடுத்து எந்திரம் செய்யவே திரும்புகின்றது. அன்று அரசு வேண்டிய தொழில்நுட்ப வேர் எழுபது ஆண்டுகளுக்குப் பின் இங்கு நிலைத்துள்ளது எனலாம். இரண்டாவது, உழைப்பின் இடமாற்றம். 2024இல் ஃபோர்டின் உலகளாவிய வணிகப் பணிகளுக்காகத் தமிழகத்தில் பணிபுரிந்தோர் ஏறத்தாழ 12,000 பேர். வண்டி செய்த கைகள் நீங்கிய பின்னும், கணினிமுன் அமர்ந்த பணி வளர்ந்தே வந்துள்ளது. ஆலைப்பணிக்குப் பயின்ற தென்மாவட்ட இளைஞருக்கும் கணினிப்பணிக்குப் பயின்றோருக்கும் ஒரே நிறுவனம் இருவேறு எதிர்காலங்களை வழங்கியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. ஃபோர்டின் தமிழக வரலாறு இருமுறை எழுந்து இருமுறை தாழ்ந்தது. முதற்சரிவுக்கு அரசுக் கொள்கையும், இரண்டாம் சரிவுக்கு நிறுவனத்தின் சந்தைத் தேர்வுகளும் முதன்மைக் காரணங்கள்.

2. தாய் நிறுவனத்தை மீட்ட சிக்கன விதியே கிளை ஆலையை மூடிய விதியுமாகும். ஓரிடத்து மீட்சி மற்றோர் இடத்து இழப்பைத் தன்னுள் கொண்டிருக்கக்கூடும்.

3. இப்போதைய மீட்சி ஆலைக் கட்டடத்துக்கும் மாநிலத்தின் தொழிற்பெயருக்கும் உரியது. 2022இல் வெளியேறிய தொழிலாளருக்கு அது இன்னும் உரியதாகவில்லை.

ஆலைகளை ஈர்ப்பதற்கான சலுகைகள் ஒப்பந்தங்களில் விரிவாக எழுதப்படுகின்றன. வெளியேறும் காலத்தில் தொழிலாளருக்கு மறுபயிற்சியும் மாற்றுப்பணியும் அளிக்கும் கடப்பாடும் அதே ஒப்பந்தங்களில் இடம்பெறுதல் வேண்டும். 2029இல் மறைமலைநகரில் முதல் எந்திரம் இயங்கும்போது, பழைய வரிசையில் நின்றவர்களுள் எத்தனை பேர் அங்கு இருப்பர் என்பதே இம்மீட்சியை அளக்கும் அளவுகோலாக அமையும்.